இடது பக்கம், வலது பக்கம்

வேலம்பாளையம்
9.2.2025

சென்னிமலை ஆண்டவர் துணை

தங்கை குப்பாயிக்கு அண்ணன் சென்னியப்பன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி, உன் நங்கை ராக்கம்மாளும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் மழை, வெயில் என்று பேதம் பார்ப்பதில்லை. பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் மகன் சண்முகவேலின் கல்யாண வரவேற்பில், நான் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடையேறி வந்து நிறுத்தச் சொன்னாய். இனி உன்னோடு பேசமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். மூன்று வருஷமாகப் பேசவில்லை. இனியும் பேசமாட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலிபாளையத்தில் நம் பனியன் ஷெட்டில் அதே பாட்டை முழுதாக வாசிக்கப் போகிறேன். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறேன். நீயும் வரவேண்டும். குறுக்கே வராமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்கவேண்டும்.

அந்தப் பாட்டை நீ பாதிகூடக் கேட்கவில்லை. நமக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஜெர்மன்காரர் ஊரைக் காலி செய்தபோது பியானோவோடு விட்டுப்போன புத்தகத்தில் இருப்பது அது. புத்தகத்தின் எழுத்து எனக்குப் புரியாது. புள்ளிகள் புரியும். யாரிடமும் போய்க் கை கட்டி நின்று கற்றுக்கொண்டதல்ல. நிட்டிங் மெஷினை எப்படிப் பிரித்துப் பார்த்துக் கற்றேனோ அப்படித்தான் இதையும் கற்றேன்.

புத்தகத்தில் இடது பக்கம் முழுக்கப் பியானோவின் கீழ்க்கட்டைகள். ராகம் என்று எதுவும் இராது. கனமான ஒன்று அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டே இருக்கும். வலது பக்கத்துக்கு வந்தால் முழுக்க மேல்கட்டைகள். அங்கே பாட்டு மட்டும் தரையில்லாமல் மிதக்கும். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி தரை, மறுபடி ஆகாசம். முதலில் தரையைக் காட்டி, அதை உருவிவிட்டு ஆகாசத்தைக் காட்ட வேண்டுமென்று ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறதே. அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் உட்காரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மண்டபத்தில்கூட முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீதான் கெடுத்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
சென்னியப்பன்


பெங்களூர்
2.3.2025

அண்ணனுக்குக் குப்பாயியின் வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சிரைப்பு பரவாயில்லை. சண்முகவேலும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நான் தனிதான்.

எதிர் வீட்டில் சுபஸ்ரீ என்று ஒரு பெண் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறாள். பெருந்துறைப் பக்கம். நம் பேச்சு கேட்கக் கிடைக்கிறதே என்று சாயங்காலம் அங்கே போய் உட்காருகிறேன். உங்களைப் பற்றிச் சொன்னேன். “அம்பது வயசுக்கு மேல தானா கத்துக்கிட்டாருங்களா?” என்று வாயில் கை வைத்துவிட்டாள்.

வரவேற்பில் நேரமாகிவிட்டது என்றுதான் நிறுத்தச் சொன்னேன். வேறொன்றும் இல்லை. ஆயுத பூஜைக்கு அவசியம் வருகிறேன்.

நங்கையை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை
குப்பாயி


வேலம்பாளையம்
20.3.2025

குப்பாயிக்கு, இங்கே எல்லோரும் சுகம். ராக்கம்மாள் ஒத்தடம் கொடுக்கிறாள். நீ அவளோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை.

அந்தப் பெண் வாயில் கை வைத்ததில் ஆச்சரியமில்லை. இங்கேயும் ஒரு பியானோ வகுப்புக்காரரிடம் போனேன். பரீட்சை எழுத வேண்டும் என்றேன். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். என்னிடமே என்றேன். பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

வெயில் ஏறிவிட்டது. பியானோவின் மரம் சுருங்கி, சுதி இறங்குகிறது. நானே முறுக்கி ஏற்றுகிறேன். ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றும் ஒரே குரலாகச் சேரும் இடத்தில் சத்தம் நடுங்குவதை நிறுத்திவிட்டு நேராக நிற்கும். அந்த நிமிஷத்தில் ஷெட்டில் மெஷின் ஓடுவதுகூட எனக்குக் கேட்காது.

சென்னியப்பன்


பெங்களூர்
18.4.2025

அண்ணனுக்கு, இங்கே நலம். நங்கைக்குத் தேவலையா?

நேற்று ஒன்று பார்த்தேன். சுபஸ்ரீ வீட்டில் இரண்டு பெண்கள், பள்ளி இறுதியில் படிப்பவர்கள், ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒரே பியானோ, ஒரே புத்தகம். இடதுபுறத்துப் பெண் கீழே வாசித்தாள். வலதுபுறத்துப் பெண் மேலே வாசித்தாள். இருவரும் ஒரே நேரத்தில். நான்கு கையும் ஓடியபோது, அண்ணா, எப்படிச் சொல்வது, அந்த அறை சின்னதாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஓரளவு தேறிய பிள்ளைகளுக்கு இப்படி ஜோடியாக வாசிக்கவென்றே நிறையப் பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறார்களாம். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வாசிப்பதும் உண்டாம்.

முடிந்ததும் புத்தகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உங்கள் நினைவு வந்தது. உங்கள் பாட்டை எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவீர்களா? சுபஸ்ரீயிடம் காட்ட ஆசையாக இருக்கிறது.

குப்பாயி


வேலம்பாளையம்
6.5.2025

குப்பாயிக்கு, இங்கே சுகம். மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறோம், வரும்போது எடுத்துப் போகலாம் என்று ராக்கம்மாள் சொல்லச் சொன்னாள்.

ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். கசங்காமல் வைத்துக்கொள். அந்தப் பெண்ணுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. காட்டு.

ஒரு பியானோவுக்கு இரண்டு பேர் என்பது தனியாக வாசிக்கத் தைரியமில்லாதவர்கள் செய்வது. ஆளுக்குப் பாதி. தப்பு வந்தால் பக்கத்து ஆளைக் காட்டலாம். நான் அப்படி வாழவில்லை.

அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. சென்னியப்பன், பியானோ என்று தனி வரியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். கட்டிங் டேபிள்களை நகர்த்தி நடுவில் இடம் ஒதுக்கச் சொன்னதற்கு என் மகன் முகம் சுளித்தான். நீயும் அவன் பக்கம் பேசாதே.

சென்னியப்பன்


பெங்களூர்
1.6.2025

அண்ணனுக்கு, நலம். பாட்டு வந்து சேர்ந்தது.

சுபஸ்ரீ எல்லாப் பக்கத்தையும் பார்த்தாள். ரொம்ப நல்ல பாட்டு என்றாள். பிறகு, “அண்ணன் இத எப்பிடி வாசிக்கிறாருங்க?” என்று கேட்டாள். இடது பக்கம் முடித்து வலது பக்கம் போவார் என்றேன். அவள் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடு கோடாகப் பிரித்துப் போட்டிருக்கும் கட்டங்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இடது பக்கத்தில் எத்தனையோ அத்தனைதானே வலது பக்கத்திலும் இருக்கிறது?

எனக்கு இப்போது விரல் மூட்டுகளில் கொஞ்சம் வலி. அதனால் கடிதம் சுருக்கம்.

குப்பாயி


வேலம்பாளையம்
14.6.2025

குப்பாயிக்கு, விரல் வலிக்கு நல்லெண்ணெய் சூடு செய்து தடவு. ஒரு வேலையும் இல்லாத வீட்டில் விரல் ஏன் வலிக்கிறது என்று புரியவில்லை.

கட்டங்கள் சமம்தான். எல்லாப் பக்கத்திலும் சமம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாத்தியார் தேவைப்படவில்லை. ஒழுங்கான மனிதன் எழுதினால் அப்படித்தான் இருக்கும். கேள்வி எவ்வளவு நீளமோ பதிலும் அவ்வளவு நீளம். இதில் அந்தப் பெண் டீ போடப் போக என்ன இருக்கிறது?

அவளிடம் ஏதோ இருக்கிறது. உன்னிடமும் இருக்கிறது. நீ நேரடியாகச் சொல்லாதபோதெல்லாம் இப்படித்தான் உடம்பு வலி எழுதுவாய்.

சென்னியப்பன்


பெங்களூர்
25.6.2025

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் நலம்.

சொன்னால் எழுதுவதையும் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம். சொல்லாமல் விட்டால் அத்தனை பேர் முன்னால் மறுபடி மேடையேறுவீர்கள். அதைவிட இது மேல்.

அந்தப் பாட்டு இரண்டு பேருக்கானது. தலைப்பின் கீழே நான்கு கைகளுக்கு என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறதாம். இடது பக்கம் பெஞ்சில் இடதுபுறம் இருப்பவருக்கு. வலது பக்கம் வலதுபுறம் இருப்பவருக்கு. ஒன்று முடிந்து அடுத்தது இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில். தரையும் ஆகாசமும் சேர்ந்தேதான் இருக்கின்றன, அண்ணா.

சுபஸ்ரீ கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்லீங்கம்மா. நாங்கெல்லாம் ஆளுக்கொரு பக்கந்தான் படிக்கறோம். ரெண்டையும் இத்தன சுத்தமாப் படிச்ச ஆளு எனக்குத் தெரிஞ்சு யாருமில்லீங்க.”

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தங்கை
குப்பாயி


வேலம்பாளையம்
30.8.2025

குப்பாயிக்கு, இங்கே சுகம். ராக்கம்மாளின் முழங்காலுக்கு வைத்தியர் மாற்றியிருக்கிறோம். ஆடி முழுக்கக் காற்று. ஆர்டர் நெருக்கடியில் கடிதம் எழுத ஒழியவில்லை.

ஆயுத பூஜை நிகழ்ச்சியில் மாற்றம் எதுவும் இல்லை. அழைப்பிதழை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. அச்சடித்ததைத் திருத்துகிற வழக்கம் எனக்கில்லை.

பியானோவின் பழைய ஸ்டூல் ஒரு கால் ஆடுகிறது. தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொன்னேன். வேப்ப மரம் கொஞ்சம் நீளமாகக் கிடைத்தது. வெட்டி வீணாக்க மனமில்லை. அதனால் பெஞ்சாகவே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னியப்பன்


பெங்களூர்
12.9.2025

அண்ணனுக்கு, நலம். விரல் வலி இப்போது பழகிவிட்டது.

பெஞ்சின் உயரம் என்ன? சுபஸ்ரீ வீட்டுப் பெஞ்சில் என் பாதம் தரையில் நன்றாகப் படிகிறது. அதைவிட உயரமாக இருந்தால் ஒரு பலகை போட்டு வையுங்கள்.

பூஜைக்கு முந்தின நாள் ரயிலில் வருகிறேன். நங்கையிடம் சொல்லிவிட்டேன்.

குப்பாயி


வேலம்பாளையம்
11.10.2025

சென்னிமலை ஆண்டவர் துணை

தங்கை குப்பாயிக்கு அண்ணன் எழுதுவது. பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக ராக்கம்மாள் சொன்னாள். ரயில் அலுப்பு தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊறுகாய் ஜாடியின் மூடி வழியில் திறந்துகொள்ளவில்லையே?

நீ இங்கே இருந்த நாளெல்லாம் நான் உன்னோடு பேசவில்லை. “ராக்கம்மா, அவளச் சாப்புடச் சொல்லு” என்று நான் சொல்ல, அவள் “உங்க அண்ணன் சாப்புடச் சொல்றாருங்கோ” என்று உன்னிடம் சொன்னாள். நீ “எனக்குந்தான் காது இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க” என்றதும் அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆயுத பூஜையன்று நடந்ததை உனக்கு எழுதவேண்டியதில்லை, நீ அங்கேதான் இருந்தாய் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் நீ அங்கே இல்லை. உன் கண் சுபஸ்ரீயிடம் நீ படித்த வலது பக்கத்தைவிட்டு நகரவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து முடித்து, பியானோவுக்கும் வைத்து, நான் உட்கார்ந்தேன். முன்வரிசையில் அன்றைய அதே முகங்கள். இந்த முறை அவர்கள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மண்டபத்தில் நீ எதற்காக மேடையேறினாய் என்று நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லவேண்டாம்.

நீ எழுந்து வந்தாய். நான் பெஞ்சில் இடதுபுறம் நகர்ந்தேன். நகர்ந்தேன் என்பதற்காக நீ ஜூனில் எழுதியதை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. பெஞ்ச் செய்தபோதும் நம்பவில்லை. எனக்குக் காதால் கேட்டால்தான் ஆகும்.

இருவரும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். ஷெட்டில் பொரிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம். யாரோ இருமினார்கள். நீ புத்தகத்தைப் பார்த்தபடியே, “எண்ணுங்கண்ணா. எண்ணாம எப்பிடிங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கறது?” என்றாய். வேறு வழியில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினேன்.

என் பக்கம் முதலில் தனியாகத்தான் போகும். அது எனக்குப் பழக்கம். அப்புறம் நீ வந்தாய்.

குப்பாயி, நான் உன் பக்கத்தை நூறு தடவை வாசித்திருக்கிறேன். என் பக்கத்தையும் நூறு தடவை வாசித்திருக்கிறேன். இரண்டிலும் நான் அறியாத ஒரு புள்ளி கிடையாது. ஆனால் அன்றைக்கு வந்ததை நான் கேட்டதே இல்லை. அது உன் பக்கத்திலும் இல்லை, என் பக்கத்திலும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். பியானோவுக்கு உள்ளேயிருந்து வரவில்லை. நம் இருவர் முழங்கைக்கும் நடுவே இருந்த அந்த இடுக்கில் யாரோ எழுந்து நின்ற மாதிரி இருந்தது. கை தானாக ஓடியது. நான் கேட்க மட்டும் செய்தேன்.

இரண்டாவது தாளில் நீ தடம் தவறினாய். தவறியது யாருக்கும் தெரியவில்லை, கவலைப்படாதே. உன் பக்கம் எனக்கு மனப்பாடம் என்பதால் நீ எந்தக் கட்டத்தில் தொலைந்தாய் என்று உடனே தெரிந்தது. அங்கேயே போய் நின்று அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து சேர்ந்துகொண்டாய். ஆளுக்கொரு பக்கம் படித்தவர்களால் அதைச் செய்ய முடியாது. அதை அந்த சுபஸ்ரீயிடம் சொல்.

இன்னொன்று. மூன்றாவது தாளில், நடுவில் ஒரு கட்டை. அதை அழுத்தியதும் உடனே விரலை எடுக்க வேண்டும் என்று என் பக்கத்தில் போட்டிருக்கிறான். இத்தனை வருஷமும் அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நல்ல சத்தத்தை ஏன் பாதியில் விட வேண்டும், அச்சுப் பிழையாக இருக்கும் என்று நானாகவே நீட்டி வாசித்து வந்தேன். அன்றும் விரலை எடுக்கவில்லை. உன் விரல் வந்து என் விரல்மேல் முட்டியது. அப்போதுதான் கண்டேன். அடுத்த நொடி அதே கட்டை உனக்கு வேண்டும். உனக்கு இடம் விட்டுத் தரத்தான் என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறான். நம் ஊரே தெரியாத ஒருவன், நூறு வருஷத்துக்கு முன்னால், வேலம்பாளையத்து அண்ணனும் தங்கையும் எங்கே இடித்துக்கொள்வார்கள் என்று அறிந்து வைத்திருந்தான். அந்த இடம் மறுபடி வந்தபோது எடுத்தேன். உன் விரல் அதில் இறங்கியதை நீ கவனித்திருக்கமாட்டாய்.

முடிந்தபோது பொரிப் பொட்டலச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஓவர்லாக் மெஷின் ஆட்கள் எழுந்து நின்றிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் இத்தனை காலம் தப்பாக வாசித்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். பனியனின் முன்பீஸைப் பார்த்தேன், பின்பீஸைப் பார்த்தேன். சேர்த்துத் தைத்துப் போட்டுப் பார்த்தது அன்றைக்கு. அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தில் அடுத்த பாட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை நீ இடது பக்கத்தைப் படி. நான் வலதுபுறம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். விரலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்.

உன்னோடு பேசமாட்டேன் என்ற சொல்லில் மாற்றமில்லை. எண்ணுவது பேச்சில் சேராது. இந்தப் பாட்டில் நடை அடிக்கடி மாறுகிறது, நடுவில் பல இடத்தில் நின்று நின்று ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நிறைய எண்ண வேண்டி வரும். பொங்கலுக்கு நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு.

அண்ணன்
சென்னியப்பன்